உன் கையெழுத்தில் நான் எழுதிய நோட்டு

சரவணா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று உங்கப்பா கேட்டுவிட்டு வெளியே போகிறார். நீ உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஜிப்போடு நீ மல்லுக்கட்டுவது இங்கே கேட்கிறது. சனிக்கிழமை பகல் பதினோரு மணி. நாளை சாயங்காலம் நீ ஓசூர் பஸ் ஏறுவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்று பதினோரு நாளாகப் பார்க்கிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் ‘சாப்பிட வர்றியா’ என்பதைத் தவிர வேறெதுவும் வரமாட்டேன் என்கிறது. முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இங்கிலீஷ் கத்திய வாய் இது. இப்போது பார், ஊமையாகிவிட்டது. இந்தத் தாள் எதுவென்று உனக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். பாடக்குறிப்பு நோட்டு. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ‘ஆசிரியர் செயல்பாடு’, வலப்பக்கம் ‘மாணவர் செயல்பாடு’. வீட்டில் வேறு தாள் இல்லாமல் இல்லை. இதில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் பிரின்சிபால் மேசைக்குப் போன அந்த நோட்டை எழுதியவள் நான். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் நாம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சட்னி தொட்டுக்கொண்டு, மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தோம். நீ என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாய். நான் என்னைக் காப்பாற்ற மூடிக்கொண்டேன். இரண்டும் ஒன்றல்ல கண்ணு. அதனால் நடந்ததை என் பக்கமிருந்து வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை.

ஜூனில் தருமபுரியில் அந்தத் தனியார் பள்ளியில் நீ சேர்ந்தபோது கோயிலுக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்காத குறைதான். பி.எட். முடித்து இரண்டு வருஷம் நீ வீட்டில் இருந்தபோது சொந்தக்காரர்கள் ‘பையன் என்ன பண்றான்?’ என்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். சேர்ந்த முதல் வாரமே நீ வந்து சொன்னாய், கையில் சாக்பீஸ் மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குள் போனேன் என்று. “வர்ற வழியில என்ன பாத்தீங்கன்னு கேட்டேம்மா. பாலக்கோட்டுப் பக்கத்துலிருந்து வர்ற ஒரு புள்ள, தக்காளி வண்டி கவுந்து ரோடெல்லாம் செவப்பா கெடந்துச்சுன்னு தமிழ்ல சொல்லுச்சு. அத இங்கிலீஷ்ல சொல்ல அதுக்கு என்னென்ன வார்த்தை வேணுமோ அத மட்டும் போர்டுல எழுதுனேன். மத்த புள்ளைங்க கேள்வி கேட்டாங்க. அதுவே பாடமாயிருச்சு.” நான் கேட்டேன், “சரி, பாடம் எங்க?” “அதாம்மா பாடம்.” “அப்ப புக்கு?” “அதுவும் வரும். புள்ளைங்க பேச்சு அந்தப் பக்கம் போறப்ப எடுத்துக்குவோம்.” கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போய், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு அதில் பந்தி போடுகிறேன் என்கிற சமையல்காரனைப் போல இருந்தாய்.

“நோட்ஸ் ஆஃப் லெசன்?” என்றேன். வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் அந்த வாரம் முழுவதும் என்ன நடத்தப்போகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் எந்தப் பள்ளியில் விடுவார்கள்? நீ சிரித்தாய். “பிரின்சிபால் சார்கிட்ட பேசிட்டேம்மா. முன்னாடி எழுதறதுக்குப் பதிலா, கிளாஸ் முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு எழுதி வெள்ளிக்கிழமை குடுத்துடறேன்னு சொன்னேன். அரையாண்டு வரைக்கும் பாக்கறேன்னாரு.” நான் நம்பவில்லை சரவணா. அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். என் முப்பத்தொரு வருஷத்தில் எந்தத் தலைமையாசிரியரும் எனக்கு அப்படி ஒரு சலுகை கொடுத்ததில்லை, நான் கேட்டதும் இல்லை. எழுதச் சோம்பல்பட்டுக்கொண்டு என் வாயை அடைக்க ஒரு கதை கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் நீ அப்படிக் கதை கட்டினவன்தானே என்று எனக்கு நானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

என் பாடக்குறிப்பைப் பற்றி உனக்குப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதிகாரி ஒருவர் என் நோட்டை மற்ற ஆசிரியர்களுக்கு எடுத்துக் காட்டியதைக் கல்யாணம் காட்சிக்குப் போகிற இடமெல்லாம் சொல்வேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரே குறிப்பைத் தேதியை மட்டும் மாற்றி ஏழெட்டு வருஷம் எழுதியிருக்கிறேன். இடப்பக்கத்தில் நான் கேட்கப்போகும் கேள்வி, வலப்பக்கத்தில் பிள்ளைகள் சொல்லப்போகும் பதில். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னமே, அந்தப் பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்ப்பதற்கு முன்னமே, அவர்கள் பதிலை நான் எழுதி முடித்திருப்பேன். ‘மாணவர்கள் கவனமாகக் கேட்கிறார்கள்’ என்று ஆங்கிலத்தில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருந்தபோது நடந்தது இது. மூன்று வருஷம் மழை பொய்த்திருந்த சமயம். அன்றைக்குக் கடல் பற்றிய பாடம். சுவரில் படம் மாட்டி, ‘கடல் என்ன நிறம்?’ என்று கேட்கப்போகிறேன். வலப்பக்கத்தில் ‘நீலம்’ என்று பதில் தயாராக இருக்கிறது. அப்போது லட்சுமி என்று ஒரு பெண், எட்டாம் வகுப்பு, கையைத் தூக்கினாள். “டீச்சர், எங்க காட்டுல போர் போட்டமுங்க. நேத்துத் தண்ணி வந்துருச்சுங்க.” அவள் சொன்னதும் வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. எத்தனை அடியில் வந்தது, உப்பா நல்ல தண்ணியா, யார் முதலில் பார்த்தது என்று ஆளுக்கொரு பக்கம் கேட்கிறார்கள். நான் மேசையைத் தட்டினேன். “அது இன்னிக்குப் பாடத்துல இல்ல. உக்காரு” என்றேன். உட்கார்ந்தாள். கடல் என்ன நிறம் என்று கேட்டேன். கடலைப் பார்த்த ஒரு பிள்ளைகூட அந்த வகுப்பில் இல்லை. எல்லோரும் ஒரே குரலில் நீலம் என்றார்கள். வருஷக் கடைசி வரைக்கும் அந்தப் பெண் என் வகுப்பில் கை தூக்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை என்பதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை. நீ தக்காளி வண்டிக் கதையைச் சொன்ன அன்றைக்குத்தான் லட்சுமி எனக்கு ஞாபகம் வந்தாள். ஞாபகம் வந்ததும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

பள்ளிக்கூடத்தில் மட்டுமா இதைச் செய்தேன்? உன் அறிவியல் ரெக்கார்டு நோட்டு யார் எழுதியது? ஆறாம் வகுப்பிலிருந்து உன் விடுமுறை வீட்டுப்பாடம் முழுக்க என் கைவண்ணம். டீச்சர் மகன் நோட்டில் சிவப்பு மை விழக்கூடாது என்பது எனக்கு மானப் பிரச்சினை. உன் எழுத்து கொஞ்சம் பின்னால் சாயும், வரியின் கடைசியில் வந்து நெருக்கியடித்துக்கொள்ளும். அதை உன்னைவிட நான் நன்றாக எழுதுவேன். ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டி வந்தது. பேச்சை நானே எழுதி, எங்கே கையைத் தூக்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்து மேடையில் ஏற்றினேன். நடுவில் மறந்துவிட்டது உனக்கு. நான் ஆசிரியர்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டு வாயசைத்தேன். நீ என் உதட்டையே பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாய். பரிசாக ஒரு எவர்சில்வர் தட்டும் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, “இனிமே என்னய மேடைல ஏத்தாதம்மா” என்றாய். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன திமிர் என்று உங்கப்பாவிடம் சொல்லித் திட்டினேன். அதற்குப் பிறகு பத்துப் பேர் முன்னால் நீ வாய் திறந்து பார்த்ததில்லை. அப்படிப்பட்டவன் ஆசிரியராகப் போகிறேன் என்றதே எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஒரு நாள் உன் பள்ளியில் தமிழ் எடுக்கும் சுமதியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னிடம் படித்த பெண்தான், நம் அதியமான்கோட்டையிலிருந்துதான் அவளும் போய்வருகிறாள் என்பது உனக்குத் தெரியும். “சரவணன் சாரு மட்டும்தான் டீச்சர் திங்கக்கெழம நோட்டு வெக்கறதில்ல” என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மெமோ வரும், வேலை போகும், அரூரிலிருந்து பெண் கொடுக்கிறேன் என்று வந்தவர்கள் பின்வாங்குவார்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நானே அடுக்கிக்கொண்டேன். உன்னிடம் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சிநேகிதனைப் பார்க்கப் போனதும் பழைய நோட்டுகளை இறக்கி, உன் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, உன் கையெழுத்தில் ஒரு வாரத்துக்கு எழுதினேன். எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ரிட்டயர் ஆனதிலிருந்து கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை சுமதியிடம் கொடுத்து, “அவன் மறந்து வெச்சுட்டுப் போயிட்டான், மத்த நோட்டோட வெச்சுரு. திரும்பி வந்ததும் நீயே எடுத்துட்டு வா, அவன்கிட்டச் சொல்ல வேணாம், சங்கடப்படுவான்” என்றேன். அவளுக்குப் புரிந்திருக்கும். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துப்போனாள். அவளை நீ கோபித்துக்கொள்ளாதே. மூன்று திங்கட்கிழமை இப்படிப் போனது.

மூன்றாவது வாரத்தில், செவ்வாய்க்கிழமை, பிரின்சிபால் உன் வகுப்புக்கு வந்தார். ஏன் வந்தார் என்று உனக்குத் தெரியாது. எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. முன்கூட்டி எழுத வேண்டாம் என்று விட்டும் திங்கட்கிழமை நோட்டு வந்திருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு குளிர்ந்துபோயிருக்கிறது. இவ்வளவு அழகாக எழுதுகிறவர் எப்படி நடத்துகிறார் என்று பார்க்கலாம் என்று ஆசையாக நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். நோட்டில் என்ன இருந்தது? மலையைப் பற்றிய கவிதை, சுவரில் மலைப் படம், ‘என்ன பார்க்கிறீர்கள்’ என்று கேள்வி, ‘ஒரு மலையைப் பார்க்கிறேன்’ என்று பிள்ளைகளின் பதில். வகுப்பில் என்ன இருந்தது? தரையெல்லாம் இலவம்பஞ்சு. பெஞ்சையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் மெத்தை தைப்பவர் மகள் ஷமீனா நின்று, பஞ்சை எப்படிக் கொட்டை நீக்கி அடைப்பது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தேடுகிற வார்த்தையை மட்டும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாய். இரண்டு வருஷமாக எந்த வகுப்பிலும் வாய் திறக்காத பெண் என்று அவளைப் பற்றி நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உலகத்தில் நிறைய இருக்கும். ஆனால் நல்ல பிள்ளையாராக ஒருத்தன் பிடித்து வைத்திருந்ததைக் குரங்காக்கியவள் நான் ஒருத்திதான்.

“இது உங்க கையெழுத்துதானே சார்?” என்று பிள்ளைகள் முன்னால் அவர் நோட்டை நீட்டிக் கேட்டதையும், நீ ஒரு நிமிஷம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு “ஆமாங்க சார்” என்றதையும் அன்று மாலையே சுமதி ஓடிவந்து சொன்னாள். நோட்டு எழுதாததற்காக உனக்கு மெமோ வரவில்லை. எழுதாமல் இருக்க அவர்தானே உன்னை விட்டிருந்தார். பொய் எழுதினாய் என்றுதான் மெமோ. நான் எதற்குப் பயந்தேனோ அதை நானே செய்து, பொட்டலம் கட்டி உன் மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். நீ ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தாய். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். “ஸ்கூல்ல எப்டிடா போச்சு?” என்று கேட்டேன் பார், அந்தக் கேள்விக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது. “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் போச்சு” என்றாய். வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து, ஓசூரில் சிநேகிதன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அலுவலக வேலைதான் என்றாய். “உனக்குப் புடிச்சா செய்” என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக உன் இஷ்டத்துக்கு விட்டேன். எதற்கு விட்டேன்? குட்டு வெளிப்படக் கூடாது என்று.

உன் முறை முழுக்க எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு இன்னும் பயம்தான். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வினாத்தாள் இலவம்பஞ்சைப் பற்றிக் கேட்காது. உனக்கும் அது தெரியும். ஜூலையில் ஒரு நாள் நிஜமாகவே ஒன்றுமில்லாமல் போய், பிள்ளைகள் சிரித்துப் பேசியே மணி அடித்துவிட்டது, என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்று முகம் தொங்கிப்போய் வந்தாயே, அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் நீ தயாராகாமல் போகிறாய் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து எழுதுவாயே ஒரு நோட்டு, அதை நேற்று எடுத்துப் படித்தேன். அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். இன்றைக்கு என்ன சொன்னான், எந்த வார்த்தை கிடைக்காமல் திக்கினான், வீட்டில் என்ன பேசுகிறார்கள், கன்னடமா தெலுங்கா, நாளைக்கு அவனை என்ன கேட்க வேண்டும். நான் பாடத்துக்குத் தயாரானேன். நீ பிள்ளைகளுக்குத் தயாராகியிருக்கிறாய். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி ஒரு நோட்டு நான் எழுதியதில்லை. ஷமீனா பக்கத்தில் கடைசி வரி: ‘அவள் சொல்லட்டும், நான் முந்தக்கூடாது.’ அதற்கப்புறம்தான் புடவை மாற்றிக்கொண்டு உன் பள்ளிக்கு டவுன் பஸ் ஏறினேன்.

பிரின்சிபால் என்னை உட்காரச் சொன்னார். “அந்த நோட்ட எழுதுனது நான்தாங்க சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன். அவர் நம்பவில்லை. எந்த அம்மாவும் சொல்வதுதானே என்பதுபோல் பார்த்தார். “ஒரு தாள் குடுங்க” என்று வாங்கி, அவர் எதிரிலேயே உன் கையெழுத்தில் நாலு வரி எழுதிக் காட்டினேன். பின்னால் சாய்ந்த எழுத்து, கடைசியில் நெருக்கடி, எல்லாம் அச்சு அசலாக. அவர் டிராயரைத் திறந்து உன் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அப்ப இதையும் நீங்கதான் எழுதுனீங்களா டீச்சர்?” என்றார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு மண்டையில் அடித்தது போலிருந்தது. “இல்லீங்க சார். அது ஒண்ணு அவனே எழுதுனது” என்றேன். ‘தவறு என்னுடையது’ என்று நீ எழுதியிருந்த வரியை அங்கே வைத்துத்தான் படித்தேன். “ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தா நான் கேட்டிருப்பேனுங்க. அவரு பேசவே இல்ல. அதாங்க எனக்குக் கோவம்” என்றார். நல்ல மனுஷன். நீ சொன்னது உண்மைதான், நான்தான் நம்பவில்லை.

அப்புறம் அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். “நோட்டு நல்லா இருந்துச்சுங்களா, அதனால ஜெராக்ஸ் எடுத்து, இப்ப அந்த கிளாஸ பாத்துக்கற மிஸ்ஸுக்குக் குடுத்திருக்கேன்.” வெளியே வந்தேன். வராந்தாவில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். ஜன்னலோரம் நின்றேன். சுவரில் மலைப் படம். பாவம், சின்னப் பெண், கையில் என் நோட்டின் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஷமீனா, ஸ்டேண்ட் அப். வாட் டூ யூ சீ?” அந்தப் பெண் எழுந்து நின்றாள். “ஐ சீ எ மவுண்டன், மிஸ்” என்றாள். பிசிறில்லாத இங்கிலீஷ். என் வலப்பக்க வரி, எழுத்து மாறாமல் அவள் வாயிலிருந்து வந்தது. குட் என்றாள் அந்த மிஸ். ஷமீனா உட்கார்ந்தாள். அரூர்ப் பள்ளியில் லட்சுமி உட்கார்ந்த அதே மாதிரி உட்கார்ந்தாள் சரவணா.

அவர் அறையிலிருந்து கிளம்பும்போது பிரின்சிபால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். “அவருக்கு நான் போன் பண்ணி வாங்கன்னு சொல்ல மாட்டேனுங்க. போனவரு அவரு. ஆனா இந்த லெட்டர நான் இன்னும் மேல அனுப்பல. திங்கக்கெழம காலைல வரைக்கும் டிராயர்லதான் இருக்கும். வந்தாருன்னா, அரையாண்டு வரைக்கும் பழைய ஏற்பாடுதான். அதுக்கப்புறம் மார்க்கு பாத்துத்தான் பேசணும்.” இவ்வளவுதான். ஓசூரிலும் உன்னைத் திங்கட்கிழமைதான் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலமே இந்தக் கடிதத்தை ஒரு தடவை எழுதினேன். நான் இதைச் சொன்னால் நீ இப்படிச் சொல்வாய், அதற்கு நான் அப்படிச் சொல்ல வேண்டும், கடைசியில் நீ சரியம்மா என்பாய் என்று ஆறு பக்கம் போனது. படித்துப் பார்த்தால் அதுவும் ஒரு பாடக்குறிப்பு. கிழித்து அடுப்பில் போட்டேன். கட்டையில் போகிறவரைக்கும் இந்தப் புத்தி என்னை விடாது போலிருக்கிறது. ஆகவே உனக்கு அறிவுரை என்று ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும், வகுப்பிலோ வீட்டிலோ. அவர்கள் மேடையில் மறந்துபோய் நின்றால் வாயசைக்காதே. நிற்கட்டும். அந்த ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பது பெற்றவளுக்குத்தான் கஷ்டம். எனக்கு அதைத் தாங்கத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறது, ஷமீனா பக்கத்தில் எழுதியிருக்கிறாயே.

மன்னிச்சுரு கண்ணு. இதை எழுத்திலாவது சொல்லிவிட்டேன்.

பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. சோறு வடித்து வைத்திருக்கிறேன், கொள்ளு ரசம் இருக்கிறது. இந்தத் தாள்களை உன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் சுமதி வீடு வரைக்கும் போய்வருகிறேன். அவளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் நீ எந்த ஊரில் இருந்தாலும், ஏன் என்று கேட்க மாட்டேன், எழுந்தவுடன் போன் செய்து நினைவுபடுத்தவும் மாட்டேன். பாதித் தாளை ஏன் வெறுமனே விட்டிருக்கிறாய் என்று, வெளியே போய்த் திரும்பி வந்த உங்கப்பா கேட்டார். நீயே பார். எல்லாப் பக்கத்திலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வலப்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

அம்மா